பஞ்சு சுற்றிய டயல் கேஜ்

திருச்சுழி சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. நண்பர் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் அவர் கைக்குள் கிடந்து உதறியது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் 9,000 ரூபாய் கொடுத்து முன்சக்கர டிஸ்க் இரண்டையும் பேட் செட்டையும் மாற்றியிருந்தார். ஆறு வாரம் ஒழுங்காக ஓடிய வண்டிக்குப் பழைய நடுக்கம் திரும்பிவிட்டது. "அருப்புக்கோட்டையில ஒரு அண்ணாச்சி இருக்காரு, காட்டிட்டுப் போவோம்" என்று வண்டியைத் திருப்பினார். ரமணர் பிறந்த ஊரைப் பார்க்கக் கிளம்பிய நான், அன்றைய பகல் முழுக்க ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. ஸ்பேனரைத் தொடவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு எங்களையும் ஏற்றி மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலைக்குப் போனார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஆடாமல் போனது. "பிரேக்கத் தொடாதப்ப ஆடலேன்னா வீல் பேலன்சிங் இல்ல. அதுக்குக் காசு குடுக்காதீக" என்றார். லேசாக மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்கியது. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் இடுப்பும் ஆடினால் பின்சக்கரம். திரும்பும்போது ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அமுக்கியபடியே இழுத்துப் பார்த்தார். நடுக்கம் இல்லை. பின் டிரம் கணக்கிலிருந்து கழிந்தது. இன்னொன்றும் சொன்னார்: சட்டென்று ஓங்கி மிதிக்கும்போது பெடல் கடகடவென்று அதிர்ந்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்யும் சத்தம், பழுதல்ல.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, புஷ், பால் ஜாயின்ட், பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கம்தான். பிறகு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பஞ்சு வேஸ்ட்டில் சுற்றிய டயல் கேஜ்.

கடிகாரம் மாதிரி வட்ட முகம், ஒரு முள். ஒரு கோடு என்பது 0.01 மில்லிமீட்டர். காந்த அடியை இரும்பில் ஒட்டவைத்து, முனையை டிஸ்க்கின் விளிம்புக்குச் சற்று உள்ளே பதித்து, டிஸ்க்கை மெல்லச் சுற்றினார். முள் 14 கோடு போய்த் திரும்பியது. டிஸ்க்கைக் கழற்றியதும் காரணம் கண்ணில் பட்டது. அது உட்காரும் ஹப் முகத்தில் துரு செதில் செதிலாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டாமலே புது டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். "மேடு பள்ளத் திண்ணையில பாய விரிச்சுட்டு, பாயி சரியில்லன்னு சொன்னா எப்படி?" என்றார்.

அரைமணி நேரம் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து அதே டிஸ்க்கை மாட்டியபோது முள் 4 கோட்டுக்குள் நின்றது.

நடுக்கம் ஆறு வாரம் கழித்து ஏன் வந்தது? எல்லோரும் டிஸ்க் 'பெண்ட்' ஆகிவிட்டது என்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. கோணலாக உட்கார்ந்த டிஸ்க், பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் கனம் பார்த்தார், வித்தியாசம் 0.03 மி.மீ. தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றுகிறது. 12 முறையும் அந்தக் கன வித்தியாசம் பேடைத் தள்ளும். காலுக்கும் கைக்கும் வருவது அந்தத் தள்ளல்தான்.

டிஸ்க் விளிம்பில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருந்தது. அதற்கு மேல் நிறைய மிச்சம் இருந்ததால் லேத்துக்கு அனுப்பி இரண்டு பக்கமும் மெலிதாகச் சீவி வாங்கிவந்தார்.

அந்தக் கேஜ் வந்த கதையைக் கேட்டேன். அப்பா கைத்தறி நெசவாளி. தறி சோறு போடாத காலத்தில் பதினான்கு வயது மகனை லாரி ஷெட்டில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார். அம்பாசடர் டிரம்மை விரலால் தடவியே மேடு கண்டுபிடிக்கப் பழகினார். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லும் அப்பாவின் விரல் தனக்கும் வந்தது என்று நினைத்திருந்தாராம். ஒருநாள் அந்த விரல் தவறியது. சரி என்று சொல்லி அனுப்பிய வண்டி மறுநாளே ஆடிக்கொண்டு திரும்பி வந்தது. அதன்பின், மூடிய மில் ஒன்றின் பழைய இரும்பு எடைக்குப் போனபோது குவியலிலிருந்து இந்தக் கேஜைப் பொறுக்கி எடுத்தார். "விரலு சொல்றத இது ஒத்துக்கிடணும். அப்பத்தான் வண்டிய வெளிய விடுவேன்."

இந்த அளக்கும் வேலைக்குப் பில்லில் இடமில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். 1902-இல் பர்மிங்காமில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1962-இல் சென்னையில் பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கியது. பொருள் செய்வதில் நமக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பொருள் பட்டறைக்கு வரும் வழியில் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது. ஒரு டிஸ்க்கை மாற்றினால் கடைக்காரருக்கும் புரோக்கருக்கும் வண்டியை அனுப்பிவைத்தவருக்கும் பங்கு உண்டு. துருவைச் சுரண்டினால் யாருக்கும் பங்கில்லை. அதனால் சுரண்டுவதில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் டப்பாவைப் பிரித்து மாட்டுவதைத்தான். பெயர்பெற்ற கம்பெனியின் டப்பாவில் போலிப் பேடை அடைத்து விற்கிறவனும் இதே வழியில்தான் வருகிறான். பிரேக்கில் பண்ணும் இந்த வியாபாரம் உயிரில் பண்ணும் வியாபாரம்.

அண்ணாச்சியிடம் இப்போது ஒரே ஒரு பையன்தான் வேலை கற்கிறான். சக்கரத்தை மாட்டும்போது அவன் கையில் டார்க் ரெஞ்சைக் கொடுத்து, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கச் சொன்னார். காற்றுத் துப்பாக்கியால் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முடுக்கினால் டிஸ்க் மறுபடி கோணும்.

மறுபடி நாற்கரச் சாலை, 80, பிரேக். ஸ்டியரிங் அசையவில்லை. கூலி 700, லேத்துக்கு 400.

உங்கள் வண்டி பிரேக்கில் ஆடினால் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் வாங்கப் பணம் எடுக்குமுன், "ஹப்பைத் துடைத்து கேஜ் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் எதையும் மாற்றவில்லை என்றாலும் அளந்ததற்குக் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.