கணக்குப்பிள்ளையின் கணக்கு

தை மாதக் கடைசி. சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த வாரம். மன்னார்குடிப் பக்கம் மாமாவின் ரைஸ் மில்லில், எடைமேடைக் கணினி ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்ததோடு எழுந்திருக்கவே இல்லை. ஆபீஸ் அறையில் இன்னொரு கணினி இருந்தது. மில் கணக்குப்பிள்ளைக்காக நான்கு வருஷத்துக்கு முன் நான் உபுண்டு போட்டுக் கொடுத்தது. எடைமேடை இண்டிகேட்டரிலிருந்து வரும் சீரியல் வயரை அதில் மாட்டினால் விடிந்ததும் லாரிகளை எடை போடலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, ராத்திரியே உட்கார்ந்தேன்.

வயரை யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகச் செருகினேன். எடையைப் படிக்கும் நிரல், அனுமதி இல்லை என்று நின்றது. இது எனக்குப் பழகிய இடம். உபுண்டுவில் சீரியல் முனையைத் தொட வேண்டுமானால் ‘டயல்அவுட்’ என்ற குழுவில் இருக்க வேண்டும். மோடம் வழியாக வெளியே தொலைபேசி போட யாருக்கு உரிமை உண்டு என்று பட்டியல் வைத்திருந்த காலத்துப் பெயர் அது. மோடம் போய்விட்டது, பெயர் நிற்கிறது. டெர்மினலைத் திறந்து ‘யூசர்மாட்’ கட்டளை, குழுவைக் குறிக்கும் பெரிய ‘ஜி’, டயல்அவுட், பயனர் பெயர் ‘மில்’ என்று அடித்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. குழு மாற்றம் அடுத்த உள்நுழைவில்தான் அமலுக்கு வரும் என்பதால் வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். மேடையில் மாமாவின் பைக்கை நிறுத்தினோம். திரையில் 110 கிலோ வந்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

காலை ஆறு மணிக்கு வாசலில் மூன்று லாரிகள். ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இந்தக் கணினியில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு நிர்வாக உரிமை வேண்டும் என்பதால் ‘சூடோ’ போட்டேன். கடவுச்சொல் சரியாகத்தான் கொடுத்தேன். மில் என்ற பயனர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று பதில் வந்தது. அந்தக் கணினியில் நிர்வாக உரிமை இருந்த ஒரே பயனர் அதுதான்.

“மாப்ளே, லாரி நிக்குது” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. அதுதான் கனமாக இருந்தது. இண்டிகேட்டரில் தெரிந்த எடையைப் பார்த்து முதல் லாரிக்கு அவரே கையால் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

கை எதையாவது தட்டத் துடித்தது. தட்டவில்லை. ‘ஐடி’ என்று இரண்டெழுத்துக் கட்டளை ஒன்று இருக்கிறது. எதையும் மாற்றாது, நீ யார் என்று மட்டும் சொல்லும். அதைப் போட்டுப் பார்த்தேன். பயனர் எண் 1000. குழுக்கள் இரண்டே இரண்டு: மில், டயல்அவுட். நேற்றுவரை சூடோ, பிளக்டெவ், எல்பிஅட்மின் என்று நீண்டிருந்த வரிசையைக் காணோம். அப்போதுதான் உறைத்தது. பெரிய ‘ஜி’ மட்டும் போட்டால் ‘இதையும் சேர்த்துக்கொள்’ என்று பொருள் இல்லை. ‘இனி இதுதான் முழுப் பட்டியல்’ என்று பொருள். சேர்ப்பதற்கு அதன் முன்னால் சின்ன ‘ஏ’ ஒன்று வேண்டும். நான் விட்டது அந்த ஓர் எழுத்து.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் இந்த ஏற்பாட்டோடு எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை. ஒருவரை ஒரு குழுவில் சேர்ப்பது அன்றாடம் நடப்பது. இருந்த பட்டியலைத் துடைப்பது எப்போதோ நடப்பது. கூடுதல் எழுத்தைத் துடைப்பதற்குத்தான் கேட்டிருக்க வேண்டும். டெபியன் வழிவந்த கணினிகளில் ‘அட்யூசர்’ கட்டளைக்குப் பயனரையும் குழுவையும் கொடுத்தால் சேர்க்கும், வேறெதையும் தொடாது. இப்போது நான் கையாள்வது அதைத்தான்.

சூடோ 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பிறந்தது. பாப் காகெஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதியது. எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல்லை ஆளாளுக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, யார் எதைச் செய்யலாம் என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பதுதான் அதன் வழி. உபுண்டு அந்த வழியை முழுக்க நம்பி, ரூட் கணக்கைப் பூட்டியே வைத்திருக்கிறது. அதனால் வழக்கமான வாசல் எனக்கு மூடிக் கிடந்தது. கணினியை அணைத்து, ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஏற்றி, க்ரப் பட்டியலில் ரிக்கவரிக்குப் போய், ரூட் ஷெல்லில் நுழைந்தேன். வட்டைக் குறியாக்கம் செய்யாதவரை, எதிரே உட்கார முடிந்தவருக்கு இந்தப் பின்வாசல் திறக்கும். கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தது; எழுதவும் முடிகிற மாதிரி மறுபடி மவுன்ட் செய்தேன்.

சூடோ குழுவை உடனே சேர்த்திருக்கலாம். ஆனால் மற்றவை முழுவதும் நினைவில் இல்லை. ‘ஈடிசி’ அடைவில் குழுக்களை எழுதிவைக்கும் ‘குரூப்’ கோப்புக்குப் பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் ஒரு சிறு கோடு போட்ட கோப்பு ஒன்று உண்டு. கடைசி மாற்றத்துக்கு முந்தைய பிரதி. அடுத்த மாற்றம் வந்தால் அது மேலெழுதப்பட்டுவிடும். காலையில் பதற்றத்தில் எதையாவது மாற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும். திறந்து பார்த்தேன். முந்தின நாளின் வரிகள் அப்படியே இருந்தன. மில் என்ற பெயர் வந்த குழுக்களையெல்லாம் ஒரு ரசீதுத் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.

அப்போது கணக்குப்பிள்ளை ஞாபகம் வந்தது. பேரேட்டில் தொகை தப்பினால் அவர் அழிக்கமாட்டார், அடித்துக் கிறுக்கவும் மாட்டார். மேலே ஒற்றைக் கோடு. பக்கத்தில் சரியான தொகை. கீழே சின்னதாகக் கையெழுத்து. பழைய தொகை கோட்டுக்கு அடியில் படிக்கிற மாதிரியே இருக்கும். கார்த்திகையில் அவர் தவறிப்போனார்.

குழுக்களைத் திரும்பச் சேர்த்தேன். போகிற போக்கில் பயனர்களின் கோப்பையும் பார்த்தேன். பாஸ்வேர்டு என்ற சொல்லில் இரண்டு எழுத்தைக் குறைத்த பெயர் அதற்கு. ஒரு பயனருக்கு ஒரு வரி, முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு கட்டங்கள். கடவுச்சொல்லின் இடத்தில் இப்போது வெறும் ‘எக்ஸ்’. அதன் மாற்றுரு ‘ஷேடோ’ என்ற தனிக் கோப்புக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஐந்தாவது கட்டத்துக்கு இன்னும் ‘ஜீகாஸ்’ என்றுதான் பெயர். பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ்காரர்கள், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இயக்குதளம் ஓடிய இன்னொரு கணினிக்கு அச்சு வேலைகளை அனுப்பும்போது, அங்கே தேவைப்பட்ட அடையாளத்தை வைத்த இடம். இன்று அதில் பயனரின் முழுப்பெயர் இருக்கும்.

1000 என்ற எண்ணுக்கு எதிரே, ஐந்தாவது கட்டத்தில் கணக்குப்பிள்ளையின் பெயர் இருந்தது. இனிஷியலோடு. நான்கு வருஷத்துக்கு முன் என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, அவரே தட்டியது.

பிரிண்டர் சேர்ந்தது. மூன்றாவது லாரிக்கு ரசீது கணினியிலிருந்து வந்தது. மத்தியானம் நெருக்கம் குறைந்த பிறகு, “உள்ள போறப்ப அவர் பேருதான் மாமா வருது. மாத்திரட்டுமா? ஒரு கட்டளைதான்” என்று கேட்டேன்.

மாமா சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டே, “அது அவர் கணக்கு மாப்ளே. புதுப் பொண்ணுக்கு வேற போட்டுக் குடு” என்றார்.

புதிதாகக் கணக்கு எழுத வந்திருந்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அட்யூசர் அவளுக்கு 1001 என்ற எண்ணைக் கொடுத்தது. முழுப்பெயர் கேட்ட இடத்தில் அவளே தட்டினாள். டயல்அவுட்டில் அவளைச் சேர்த்துவிட்டு, உள்ளே வந்ததும் முதலில் ‘ஐடி’ என்று அடிக்கச் சொன்னேன்.