ஆட்டின் வயிற்றில் உருவாகும் ஹார்மோன்

தாவர ஈஸ்ட்ரோஜன்கள்தாம் என் ஆய்வுப் பொருள் என்று சொன்னவுடனேயே, "அப்படியானால் சோயா சாப்பிடலாமா, கூடாதா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அதற்கு விடை தேடுவோர் முதலில் 1940களின் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சென்று வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கே சப்டெரேனியன் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனம் செழித்த மேய்ச்சல் நிலங்களில், கொழுகொழுவென்றிருந்த செம்மறிகள் கிடாக்களோடு கூடியும் சினை பிடிக்கவில்லை. காயடித்த கிடாக்களுக்குக் காம்பு பருத்துப் பால் சுரந்தது. 1946இல் பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகிய மூவரும் இதனை ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் பதிவு செய்தனர். காயடிக்கப்படாத கிடாக்களின் இனவிருத்தித் திறனோ பெரிதாகக் குன்றவில்லை.

குளோவரில் ஜெனிஸ்டீன், பயோசானின்-ஏ, ஃபார்மோனோனெட்டின் ஆகிய ஐசோஃபிளேவோன்கள் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் தனியே சோதித்தால் ஜெனிஸ்டீன்தான் வீரியமானது. ஃபார்மோனோனெட்டின் ஏறத்தாழச் செயலற்றது. ஆட்டின் அசையூண் வயிற்றிலோ கதை தலைகீழாகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் ஜெனிஸ்டீனைச் சிதைத்துச் செயலிழக்கச் செய்கின்றன. ஃபார்மோனோனெட்டினை டெய்ட்சீனாகவும், பின்னர் ஈகுவாலாகவும் மாற்றுகின்றன. ஈகுவால் எஸ்ட்ராடையோலைவிட மிக வலுக்குறைந்தது. ஆயினும் மேய்கின்ற ஆட்டின் இரத்தத்தில் அது சேரும் அளவு அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகிறது. (1932இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால்தான் அதற்கு இந்தக் குதிரைப் பெயர்.) மனிதருள் ஈகுவாலை உண்டாக்கும் குடல் நுண்ணுயிர்கள் எல்லோரிடமும் இல்லை. எனவே செம்மறியை வைத்துச் சோயாவுக்குத் தீர்ப்பெழுத முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஆண்டுக்கணக்கில் இந்தக் குளோவரை மேய்ந்த ஆடுகளை வேறு மேய்ச்சலுக்கு மாற்றினாலும் பல ஆடுகள் மலடாகவே நின்றுவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பருவத்துக்கு வருகின்றன, கருமுட்டையும் வெளியாகிறது. பழுது கருப்பை வாயில் இருக்கிறது. அதன் திசு கருப்பைத் திசுவைப் போல மாறி, சளியின் தன்மை கெட்டு, விந்தணுக்களால் கடந்து செல்ல முடியாமற் போகிறது. இரத்தத்தில் எஸ்ட்ராடையோல், புரோஜெஸ்டிரோன் அளவுகளை மட்டும் பார்த்து "பாதிப்பில்லை" என்று முடிவெழுதும் ஆய்வேடுகளைக் காணும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. திசுவையும் பார்க்க வேண்டும் என்று நான் வாதிடுவது பிடிவாதம் அன்று.

நம் நாட்டில் பயிராகும் குதிரைமசாலிலும் கௌமெஸ்ட்ரால் உண்டு. இலைகளில் பூஞ்சை நோய் தாக்கினால் அதன் அளவு பெருமளவு கூடுகிறது. தீவனத்தின் பெயரை மட்டும் குறித்து, இலையின் நிலையைக் குறிக்காமல் விடுகிற சோதனைகள் எதை அளக்கின்றன?

ஆஸ்திரேலியர்கள் ஃபார்மோனோனெட்டின் குறைந்த குளோவர் வகைகளை உருவாக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் செடி விதையை மண்ணுக்குள் புதைக்கும் இயல்புடையது. டுவால்கனப் போன்ற பழைய வகைகள் சில மேய்ச்சல் நிலங்களில் இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.