தோற்றவரின் முறையீடும் பொதுப் பணமும்

அரசு பொருள் வாங்குவதற்கும் தனிமனிதர் பொருள் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு, செலவாகும் பணம் எவருடையது என்பதிலேயே தங்கியுள்ளது. தமது பணத்தோடு சந்தைக்குச் செல்பவர் தமக்குப் பிடித்த கடையில் வாங்கலாம்; உறவினரிடம் கூடிய விலைக்கும் வாங்கலாம். காரணங் கூறவேண்டிய கடப்பாடு அவருக்கில்லை. மருத்துவமனைக்கு மருந்தும் வீதிக்குத் தாரும் பாடசாலைக்குத் தளபாடமும் வாங்குகின்ற அரசுக்கு அத்தகைய சுதந்திரம் உண்டா? உண்டு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஒப்பந்தஞ் செய்யும்போது அரசும் ஏனையோரைப் போன்ற ஒரு கொள்வனவாளரே என்பது அக்காலக் கொள்கை. அக்கொள்கை படிப்படியாகத் தளர்ந்த வரலாறு, பெருமளவிற்கு, கேள்விப்பத்திரப் போட்டியில் தோற்றவர்கள் தொடுத்த வழக்குகளின் வரலாறேயாகும்.

தோற்றவர் நீதிமன்றத்திற்கு வருவது பொதுநலங் கருதியன்று. கைநழுவிய இலாபமே அவரை அழைத்து வருகின்றது. ஆயினும், நடந்த தவறை அவரன்றி வேறெவர் அறிவார்? வரி செலுத்தும் குடிமகன் விலைமனுக்களைக் காண்பதில்லை. கணக்காய்வாளர் பெரும்பாலும் பணஞ் செலவாகிய பின்னரே வருகின்றார். நிபந்தனைகளை வரிவரியாகப் படித்து, விலையைக் கணித்து, பிணைப்பணமும் கட்டிய போட்டியாளருக்கே தவறு நேர்ந்த இடம் தெளிவாகத் தெரியும். அவரது தன்னலத்தைப் பொதுநலத்தின் காவலாக மாற்றிக்கொள்ளச் சட்டம் முயல்கின்றது. அம்முயற்சியின் சிறப்பும் இடரும் இதிலேயே அடங்கியுள்ளன.

இங்கிலாந்தின் பிளக்பூல் நகரசபை, தனது விமான நிலையத்திலிருந்து உல்லாசப் பறப்புகள் நடத்தும் உரிமைக்கு 1983 ஆம் ஆண்டில் கேள்விப்பத்திரம் கோரியது. மார்ச் 17 ஆந் திகதி நண்பகல் 12 மணிக்குப் பிந்தி வருவன ஏற்கப்படமாட்டா என்பது நிபந்தனை. அவ்வுரிமையை முன்னர் பெற்றிருந்த விமானக் கழகம் தனது உறையை அன்று முற்பகல் 11 மணியளவில் நகரமண்டபத்துத் தபாற்பெட்டியில் இட்டது. பெட்டி நாள்தோறும் நண்பகலில் திறக்கப்படும் என்ற அறிவித்தல் அதன்மேல் இருந்தது. அன்று எவரும் திறக்கவில்லை. மறுநாட் காலையில் வெளியே எடுக்கப்பட்ட உறை, பிந்தி வந்ததெனக் குறிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டது. உரிமை வேறொருவருக்குப் போயிற்று. கழகம் அவரிலும் கூடிய தொகையை முன்வைத்திருந்தது என்பது இதன் துயரமான பகுதி.

எந்தக் கேள்விப்பத்திரத்தையும் ஏற்கத் தான் கட்டுப்பட்டதன்று என்பது சபையின் வாதம். ஏற்கக் கட்டுப்பாடில்லை என்பது உண்மையே; ஆயின் பார்க்கவும் கட்டுப்பாடில்லையா? 1990 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விரண்டையும் வேறுபடுத்தியது. குறிக்கப்பட்டோரை அழைத்து, படிவமும் காலமும் விதித்து, அவற்றின்படி ஒழுகுமாறு கேட்ட சபை, அவ்வாறே ஒழுகியவரின் உறையைத் திறந்து ஏனையவற்றோடு சேர்த்துப் பரிசீலிக்கக் கடமைப்பட்டது எனப் பிங்கம் நீதியரசர் விளக்கினார். போட்டியாளருக்கு வெற்றி பெறும் உரிமை இல்லை. தமது கேள்விப்பத்திரம் பார்க்கப்படும் உரிமை உண்டு. இத்துறையின் அடித்தளம் இதுவெனலாம்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இதே வினாவை அரசியலமைப்பின் வழியே அணுகியது. பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாந்தர உணவகம் ஒன்றை நடத்துவதற்கு 1977 ஆம் ஆண்டில் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. விண்ணப்பிப்போர் ஐந்தாண்டு அனுபவமுள்ள பதிவுபெற்ற இரண்டாந்தர விடுதியாளராதல் வேண்டுமென அறிவித்தல் கூறிற்று. உரிமம் பெற்றவரோ சிற்றுண்டிச்சாலைகள் நடத்தியவர், அத்தகுதி அவருக்கில்லை. வழக்குத் தொடுத்தவர் கேள்விப்பத்திரமே சமர்ப்பிக்காதவர். நிபந்தனை தளர்த்தப்படும் என்று அறிந்திருந்தால் தாமும் போட்டியிட்டிருப்பார் என்பது அவர் முறையீடு. தானே விதித்த அளவுகோலை அரசு தன் விருப்பப்படி கைவிடலாகாது, அது சமத்துவத்தை மீறுவதாகும் என 1979 இல் பகவதி நீதியரசர் தீர்ப்பளித்தார். ஆயினும் மனுதாரருக்கு நிவாரணம் கிட்டவில்லை. அவர் மாதக்கணக்கிற் காலந்தாழ்த்தி வந்தார்; இடையில் உரிமம் பெற்றவர் பெரும்பணஞ் செலவிட்டிருந்தார்; மனுதாரருக்குப் பின்னால் வேறொருவர் நின்றார் என்பதையும் நீதிமன்றம் கண்டது. கோட்பாடு வென்றது, அதனைக் கொண்டுவந்தவர் தோற்றார்.

இம்முடிவு நியாயமானதா? பிந்தி வந்தவருக்காக ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்துதல் தகாது என்பர் ஒருசாரார். தவறென்று கண்ட பின்னும் அதனை நிலைக்கவிடுதல் தவறிழைத்த அலுவலருக்குத் துணிவூட்டும் என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஒவ்வொரு தடையுத்தரவுக்கும் ஒரு விலையுண்டு. பாலம் கட்டும் ஒப்பந்தம் ஈராண்டு நீதிமன்றத்திற் கிடந்தால் ஆற்றைத் தோணியிற் கடப்பவர் வழக்காளியுமல்லர், எதிராளியுமல்லர். மருந்துக் கேள்விப்பத்திரம் முடங்கினால் வெறுங்கையோடு திரும்பும் நோயாளியின் பெயர் எந்த வழக்கேட்டிலும் இடம்பெறாது.

இதனை உணர்ந்தே இந்திய நீதிமன்றம் பின்னர் அடக்கங் காட்டியது. நான்கு பெருநகரங்களின் கையடக்கத் தொலைபேசி உரிமங்கள் பற்றிய 1994 ஆம் ஆண்டு வழக்கில், நீதிமன்றம் அலுவலரின் முடிவுக்கு மேன்முறையீட்டு மன்றமன்று; முடிவு எடுக்கப்பட்ட முறையையே அது ஆராயும் என்று வரையறுக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இரு வினாக்களை முன்வைத்தது: நடைமுறை கெடுநோக்குடையதா, ஒருவருக்குச் சார்பானதா அன்றேல் நியாயத்திற்கு முற்றிலும் புறம்பானதா? பொதுநலன் பாதிக்கப்பட்டதா? இவற்றிற்கு இல்லையென்பது விடையாயின் நீதிமன்றம் தலையிடலாகாது. தோற்றவரின் புண்பட்ட பெருமையும் வணிகப் பகைமையும் வழக்காக உருக்கொள்வதை அத்தீர்ப்பு கண்டித்தது.

தலையிடாது நட்டஈடு மட்டும் வழங்கலாமே எனின், அதுவும் எளிதன்று. கனடாவில் நிபந்தனைக்கு மாறான குறிப்பொன்றைச் சேர்த்திருந்தவரின் கேள்விப்பத்திரம் மிகக் குறைந்த விலையென்பதால் ஏற்கப்பட்டது. அடுத்த நிலையில் நின்றவர் வழக்குத் தொடுத்தார். 1999 ஆம் ஆண்டில் கனடிய உயர் நீதிமன்றம் அவர் இழந்த இலாபமாக ஏறக்குறைய 398,000 டொலரை வழங்கியது. வேலை செய்தவருக்கும் பணம், செய்யாதவருக்கும் பணம். இரண்டும் பொதுப் பணமே.

சிக்கலின் முடிச்சு காலத்தில் இருக்கின்றது. ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட பின்னர் எத்தீர்வும் எவருக்கோ இழப்பாகும். அதற்கு முன்னராயின் தவறைத் திருத்தும் செலவு சிறிது. ஒஸ்திரிய வழக்கொன்றில் 1999 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் இதனையே வற்புறுத்தியது. தெரிவு முடிவை, ஒப்பந்தத்திற்கு முன்னரே கேள்விக்குட்படுத்தும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்றது. 2007 ஆம் ஆண்டுப் பணிப்புரை, முடிவை அறிவிப்பதற்கும் ஒப்பந்தத்திற்கும் இடையே குறைந்தது 10 நாள் காத்திருக்குமாறு விதித்தது. பத்து நாட் பொறுமை பல்லாண்டு வழக்கைத் தவிர்க்கக்கூடும்.

இலங்கையில் தோற்றவருக்கு இரு வழிகள் உள்ளன. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை கூறும் சமத்துவம் மீறப்பட்டதென 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்குத் தரப்பட்டுள்ள காலம் ஒரு மாதம். அன்றேல் 140 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் எழுத்தாணை கோரலாம். ஆயின் நெறிகளை வகுக்கும் நிறுவனமோ உறுதியாக நிலைத்திருக்கவில்லை. தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2015 இல் பத்தொன்பதாந் திருத்தம் உருவாக்கியது. 2020 இல் இருபதாந் திருத்தம் நீக்கியது. 2022 இல் இருபத்தோராந் திருத்தம் மீட்டது. ஏழாண்டுகளில் ஒரு காவற்காரர் வந்து, போய், மீண்டும் வந்தார். விளையாட்டின் நடுவே நடுவரை மாற்றும் நாட்டில், தோற்றவர் முடிவை ஐயுறுவது வியப்பன்று.

தோற்றவர் எல்லோரும் அநீதிக்கு ஆளானோர் அல்லர். ஆயினும் ஏன் தோற்றார் என்பதை அறியும் உரிமை அவர் எல்லோருக்கும் உண்டு. புள்ளிகளும் காரணங்களும் எழுத்தில் உரிய காலத்திற் கிடைக்குமாயின் அவர்களுட் பலர் வீடு திரும்புவர்; மறைக்கப்படுமாயின் நேர்மையாகத் தோற்றவரும் வழக்கறிஞரையே நாடுவார். நீதிமன்றத்தின் அடக்கத்தைக் கோருகின்ற அரசு, அதற்கு ஈடாகத் தன் மேசையின்மீதுள்ள கோப்பைத் திறந்து காட்டக் கடமைப்பட்டுள்ளது.