பந்தளத்துப் பெட்டி

பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு முப்பது ஆண்டுகளாக உண்டு. வங்கிப் பணியில் மாற்றலாகிச் சென்ற ஊர்களிலெல்லாம் பழம்பொருள் கடைகள் எங்கே என்றுதான் முதலில் விசாரிப்பேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒன்று, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒன்று என்று வாங்கி வாங்கி, இன்று ஒன்பது நகைப்பெட்டிகள் எங்கள் கூடத்து அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. ஒன்பதும் வெறும் பெட்டிகள். “பெட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு நகை வாங்கியிருந்தால், வைப்பதற்கு ஒரு பெட்டியாவது உதவியிருக்கும்” என்று என் மனைவி சொல்வதுண்டு.

பத்தாவதாக ஒன்று இருந்தது. அது விலைக்கு வாங்கியதன்று, என் தாயாருடையது. எங்கள் நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூருக்கும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்ததால், பல சாமான்களுக்கு மலையாளப் பெயரே எங்கள் வீட்டில் வழங்கியது. நகைப்பெட்டியை ‘ஆமாடப்பெட்டி’ என்போம். வட கேரளத்தில் தலச்சேரியை அடுத்த நெட்டூரின் பெயரால் ‘நெட்டூர்ப் பெட்டி’ என்றும் இவ்வகையைச் சொல்வர். ஈட்டி மரத்தில் செய்து, மூலைகளுக்குப் பித்தளைப் பூண் கட்டி, மேலே குமிழ் பதித்திருப்பார்கள். மூடி நாற்புறமும் சரிந்து, கேரளக் கோயிலின் கூரையைப் போலவே உச்சியில் குவியும். அணிகலனுக்கு ஒரு சிறு கோயில் கட்டியது போன்ற அமைப்பு அது.

தாயார் காலமானபின், பூசை அறையில் வைத்துக்கொள்வதற்கு அந்தப் பெட்டியைத் தரும்படி என் தங்கை கேட்டாள். நான் தரவில்லை. நூறாண்டு கடந்த பொருள், எண்ணெயும் கற்பூரப் புகையும் பட்டால் பாழாகிவிடும் என்று காரணம் சொன்னேன். அவள் வற்புறுத்தவில்லை. ஆனால் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த அலமாரியின் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே சென்றன.

சென்ற ஆண்டு தை பிறப்பதற்கு இரு நாள் முன்பாக, ஜனவரி 12ஆம் தேதி, பந்தளத்துக்குச் சென்றேன். பக்தியினால் சென்றேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஐயப்பனின் திருவாபரணங்களைச் சுமந்து செல்லும் பெட்டியின் வேலைப்பாட்டை ஒருமுறை அருகிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்பதே என் ஆவல்.

செங்கன்னூர் ரயில் நிலையத்திலிருந்து பந்தளம் சுமார் 15 கிலோமீட்டர். அச்சன்கோவில் ஆற்றங்கரையில் வலிய கோயிக்கல் தர்மசாஸ்தா கோயிலும், அதனருகே பந்தளம் அரச குடும்பத்தின் அரண்மனை வளாகமும் உள்ளன. மதுரைப் பாண்டிய மரபில் வந்தவர்கள் இம்மன்னர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. திருவாபரணங்கள் ஆண்டு முழுவதும் இங்கே ஸ்ராம்பிக்கல் அரண்மனையில் காப்பில் இருக்கின்றன. மண்டல காலத்தில் அங்கேயே அவற்றைத் தரிசிக்கலாம். நெரிசல் தாங்காத வயதினருக்கு அதுவே உகந்த காலம். நான் சென்றது புறப்பாட்டு நாள். அன்று காலை பெட்டிகள் கோயிலுக்குள் எழுந்தருளியிருந்தன. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, கூப்பிய கைகளுக்கு இடையே கண நேரம் கண்டேன்.

பெட்டிகள் மூன்று. விமானம் போல் குவிந்த மூடியுடைய முதல் பெட்டியில்தான் பொன்னாலான திருமுகமும், பிரபையும், மாலைகளும், சுரிகையும் உள்ளன. மகர சங்கராந்தி மாலை தீபாராதனையின்போது ஐயன் அணிவது இவற்றையே. இரண்டாவது வெள்ளிப்பெட்டி; அபிஷேகத்துக்குரிய பொற்கலசமும் பூசைப் பாத்திரங்களும் அதில் செல்கின்றன. மூன்றாவது கொடிப்பெட்டி. மாளிகைப்புறத்து எழுந்தருளலுக்கான கொடிகளும் யானையின் நெற்றிப்பட்டமும் அதனுள் இருக்கும். சபரிமலையை அடைந்ததும் முதல் பெட்டி பதினெட்டாம்படி ஏறிச் சந்நிதானத்துக்குச் செல்ல, மற்ற இரண்டும் மாளிகைப்புறத்துக்குப் போய்விடும்.

நண்பகலில் வெயில் உச்சியில் இருக்க, எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கிருஷ்ணப்பருந்து வட்டமிட்ட பின்பே பெட்டிகள் புறப்பட வேண்டும் என்பது மரபு. பருந்து வந்தது. “சுவாமியே” என்று எழுந்த முழக்கத்தில் என் அருகே நின்ற குழந்தை அழத் தொடங்கியது. விரதமிருந்த அன்பர்கள் பெட்டிகளைத் தலையில் ஏற்றினர். அரச குடும்பத்தின் பிரதிநிதி உடன் புறப்பட்டார்.

மகனுக்காகச் செய்த நகைகளைத் தந்தை ஆண்டுக்கொரு முறை கொண்டுபோய் அணிவித்துப் பார்க்கும் பயணம் இது. தந்தையைக் கண்டதும் மகன் மரியாதைக்காக எழ முயன்றான். அவன் தவக்கோலம் கலையக் கூடாதென்று மன்னர் தம் மேலாடையால் அவன் முழங்கால்களைச் சுற்றிக் கட்டினார். அதுவே யோகபட்டம் என்றொரு கதை உண்டு. வாசகர்கள் அறிந்த கதைதான். எனினும் அந்தப் பெட்டி நகரத் தொடங்கும் இடத்தில் நின்று நினைக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

நான் பார்க்க வந்த மரவேலையை மட்டும் பார்க்க முடியவில்லை. பட்டும் பூமாலையும் பெட்டியை முழுவதும் மூடியிருந்தன. என் ஏமாற்றத்தைப் பக்கத்தில் நின்ற முதியவரிடம் சொன்னேன். இளமையில் பெட்டி சுமந்தவராம் அவர். “அது என்ன மரம்?” என்று கேட்டேன். சற்று யோசித்து, தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: “மரம் எதுவென்று தெரியாது சாமி. பாரம் தெரியும்.”

அவர்கள் செல்லும் வழி 83 கிலோமீட்டர் என்பர். முதல் இரவு அயிரூர் புதியகாவு தேவி கோயில். மறுநாள் இரவு ளாகா. பிறகு காட்டுப் பாதை. நிலக்கல் கடந்து, நீலிமலை ஏறி, சரங்குத்தி வழியாக மூன்றாம் நாள் மாலை சந்நிதானம். விழா முடிந்து திரும்பும் வழியில் பெருநாடு சாஸ்தா கோயிலில் இதே ஆபரணங்களைச் சார்த்துகிறார்கள். மலையேற இயலாதவர்கள் அங்கே தரிசித்துக்கொள்ளலாம். பின்னர் பெட்டிகள் பந்தளத்துக்கே மீள்கின்றன.

வங்கியில் பாதுகாப்புப் பெட்டகப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் ஒரு சாவி, எங்களிடம் ஒரு சாவி. எங்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வந்து, ஐந்து நிமிடம் பெட்டகத்தின் முன் நின்றுவிட்டு, எதையும் எடுக்காமல் பூட்டிச் செல்லும் மூதாட்டிகளைக் கண்டிருக்கிறேன். அன்று அவர்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும். என் அலமாரியும் அதே வகையைச் சேர்ந்தது என்பது செங்கன்னூருக்குத் திரும்பும் பேருந்தில்தான் தோன்றியது.

இப்பெட்டிகளைச் சேர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டுக் குடும்பங்கள் கலைந்து, பழைய வீடுகள் இடிபட்டபோது விறகுக்குப் போயிருக்க வேண்டியவற்றை அவர்கள் காப்பாற்றினார்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதும் நல்லதே. என்னுடைய ஒன்பதும் அலமாரியிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு உரியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

பத்தாவதற்கு உரியவளைத் தெரியும். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கையின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் கையைப் பார்த்தாள். “உள்ளே வாங்க அண்ணா” என்றாள். அவ்வளவுதான். பெட்டியை வாங்கிக்கொண்டு போய்ப் பூசை அறையில் வைத்தபின், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். “அம்மா வைத்த தாழம்பூ வாசம் இன்னும் போகவில்லை” என்றாள். எனக்கு ஈட்டி மரத்தின் வாசம் மட்டுமே தெரிந்தது.

இப்போது அதில் எங்கள் குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் சார்த்தும் வெள்ளிக் கண்மலரும், ஒரு தாலிப் பொட்டும், குங்குமப் பொட்டலங்களும் இருக்கின்றன. சென்ற வாரம் போயிருந்தேன். மூடியின் வலப்புறச் சரிவில் எண்ணெய்க் கறை ஒன்று விழுந்திருக்கிறது. பார்க்கும்போது மனம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஒன்றும் சொல்லாமல் விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.