முதலில் துளை, பிறகு வெட்டு

என் தந்தை மும்பையில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் தச்சராகப் பணியாற்றியவர். ஓய்வு பெற்றபின் வீட்டு மேசையின்மீது ஒரு கப்பலைக் கட்டத் தொடங்கினார். 1817-ஆம் ஆண்டில் அதே மும்பையில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பலின் மாதிரி அது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அக்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் நீரில் மிதக்கிறது. அதன் நூறில் ஒரு பங்கு அளவில், ஒவ்வோர் உறுப்பையும் கையாலேயே செய்ய வேண்டும் என்பது தந்தையின் விருப்பம்.

கப்பலின் உடல் முடிந்தது. பாய்மரக் கம்பங்களும் நின்றன. அப்போது அவருடைய விரல்கள் நடுங்கத் தொடங்கின. எஞ்சியிருந்தவையோ நுண்ணிய வேலைகள். "இனி நீ செய், நான் சொல்கிறேன்" என்றார். அப்போது எனக்கு வயது பதினான்கு.

கம்பங்களைத் தாங்கும் தடித்த கயிறுகளை இறுக்கிக் கட்ட, மூன்று துளைகள் கொண்ட மரவட்டுகள் வேண்டும். எங்கள் மாதிரியில் ஒரு வட்டின் குறுக்களவு 3 மில்லிமீட்டர். துளையின் அளவு அரை மில்லிமீட்டர். நான் தேக்குத் துண்டொன்றிலிருந்து வட்டுகளை வெட்டி எடுத்துப் பிறகு துளையிட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு வட்டுகள் பிளந்தன. தந்தையின் கப்பல் என்னால் நின்றுவிடுமோ என்று அஞ்சினேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. "பெரிய கப்பலுக்குத் தேக்கு நல்லது. இவ்வளவு சிறிய உறுப்புக்கு அதன் இழை முரடு" என்று கூறி, மஞ்சக்கடம்பு மரத்துண்டு ஒன்றைத் தந்தார். "வெட்டி எடுத்த துண்டைப் பிடிக்க இடம் ஏது? முதலில் துளை, பிறகு வெட்டு."

அவர் சொன்னபடியே மரத்தைச் சீவி, மெல்லிய உருண்டைக் குச்சியாக்கினேன். அதன் முனையில் ஊசியால் மூன்று புள்ளிகள் குத்தினேன். புள்ளி இல்லாவிட்டால் துளைக்கம்பி வழுக்கி விலகிவிடும். கைத்துளைப்பானை விரல்களால் மெல்லச் சுழற்றினேன். சில சுற்றுகளுக்கு ஒருமுறை கம்பியை வெளியே எடுத்து மரத்தூளை ஊதினேன். ஆழம் மிகுந்தால் துளை கோணிப்போகும். ஆகவே 5 மில்லிமீட்டரோடு நிறுத்தினேன். பின்னர் நுண்பல் வாளால், அழுத்தாமல், வாளின் எடையே அறுக்கும்படி இழுத்தேன். ஒரு வட்டு பிளவின்றிக் கையில் விழுந்தது.

தந்தை அதனை வாங்கிச் சன்னலை நோக்கி உயர்த்தினார். நடுங்கும் விரல்களுக்கிடையே மூன்று ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. நெடுநேரம் பார்த்தபின், "இதைக் கட்டு" என்றார்.

கப்பலை முடிக்க எங்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று அது என் மேசையின்மீது நிற்கிறது. அதன் அருகிலுள்ள சிறு பெட்டியில், பிளந்துபோன அந்தப் பன்னிரண்டு வட்டுகளும் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்தவர் தந்தைதான். எந்த வேலையையும் தொடங்குமுன், எதை முதலில் செய்வது என்று எண்ணிப் பார்க்க அவை எனக்கு இன்றும் நினைவூட்டுகின்றன.