வடகமும் விசாவும்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் முதலில் கடற்கரையைத் தேடிப் போவார்கள். நான் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். ஓர் ஊரின் குணம் தெரிய வேண்டுமானால் அந்த ஊர்ப் பெண்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நேரு வீதிப் பக்கமாக நுழைந்தால் மல்லிகை மணம் ஒரு புறம், கருவாட்டு வாசனை மறு புறம். நடுவே பழைய மணிக்கூண்டு. குபேர் அங்காடி என்பது சர்க்கார் வைத்த பெயர். ஜனங்களுக்கு இது என்றும் பெரிய மார்க்கெட்தான்.

வெங்காயக் கடையில் ஓர் அம்மாள் ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

“கல்யாண வீடா, அம்மா?” என்று கேட்டேன்.

“கல்யாணம் தையிலேயே ஆயிடுச்சு தம்பி. இது வடகத்துக்கு. மக பாரிசுக்குக் கொண்டுபோவணும்.”

“எப்போது பிரயாணம்?”

“விசா வந்தா பிரயாணம். தாலி ஏறியாச்சு, இன்னும் என்ன கேக்குறாங்கன்னுதான் புரியலை!”

புதுச்சேரியில் இந்தப் பேச்சு புதிதல்ல. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதைச் சட்டப்படி உறுதி செய்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ல் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மாளின் மாப்பிள்ளையினுடைய தாத்தா ஒரு ‘சொல்தா’. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். அவர் அன்று போட்ட கையெழுத்தால் பேரன் இன்று பிரெஞ்சுக்காரன்!

அந்தக் காலத்தில் மணப்பெண்ணுக்கு இத்தனை தொல்லை இல்லை. பிரெஞ்சுக்காரரை மணந்த அயல்நாட்டுப் பெண் மணநாளிலேயே பிரெஞ்சுப் பிரஜை ஆகிவிடுவாள். 1973-ல் சட்டம் மாறியது. இப்போதோ கல்யாணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் தூதரகத்தில் பத்து நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மணமக்களை அழைத்து விசாரிப்பதும் உண்டு. கல்யாணம் முடிந்த பின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு குடும்பப் புத்தகம். அதன் பிறகு விசா.

பெண் போய் இறங்கிய மூன்று மாதங்களுக்குள் விசாவைப் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள் சேர்ந்து குடித்தனம் நடத்தி, மொழியும் கற்றுக்கொண்டால் பத்தாண்டு அட்டைக்கு மனுச் செய்யலாம். மணமாகி நான்கு ஆண்டுகள் ஆனால் பிரஜா உரிமையும் கேட்கலாம். அது கிடைத்த அன்று இந்தியப் பிரஜா உரிமை போய்விடும்.

இதில் பெண்ணைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் அவள் அங்கே தங்கும் உரிமை கணவனோடு சேர்ந்து வாழ்வதைப் பொறுத்தே இருக்கிறது. சேர்க்கை முறிந்தால் அட்டை புதுப்பிக்கப்படாமல் போகலாம். ஆனால் கணவனின் கொடுமையால் பிரிய நேர்ந்தவளிடமிருந்து, அந்தப் பிரிவைக் காரணம் காட்டி அட்டையைப் பறிக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பெருமையோடு பார்க்கிறவர்களில் எத்தனை பேர் இதைப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்?

நான் இதைச் சொன்னதும் அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சாயங்காலம் பிரெஞ்சு வகுப்புக்குப் போறா. எதுக்கு வீண் செலவுன்னு நான்தான் முணுமுணுத்தேன். இனிமே சொல்ல மாட்டேன்” என்றார்.

வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள்கணக்கில் வெயிலில் காய வைக்கும் வடகம், ‘வதுவான்’ என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையலறையிலேயே எப்போதோ குடியேறிவிட்டது. அதை யாரும் காகிதம் கேட்கவில்லை!

பையைத் தூக்கிக்கொண்டு நடந்த அம்மாள், நாலடி போய்த் திரும்பினார்.

“அந்தச் சட்டத்தை ஒரு சீட்டுல எழுதிக் குடு தம்பி. வடக டப்பாவோட வெச்சு அனுப்பறேன்.”

எழுதிக் கொடுத்தேன்.