வெள்ளைச் சிலையில் ஒளிந்திருக்கும் வண்ணம்... ரோம் நகரில் ஒரு துப்பறியும் வேலை!

வாடிகன் அருங்காட்சியகத்துக்குள் நுழையும் கூட்டம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நகரும். மைக்கேலேஞ்சலோவின் ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம்தான் எல்லோருக்கும் இலக்கு. அந்த அவசரத்தில் பலரும் தவறவிடும் மண்டபம் ஒன்று இருக்கிறது. பெயர், பிராச்சோ நுவோவோ. 1822-ல் திறக்கப்பட்டது.

கூரை வழியே இறங்கும் வெளிச்சத்தில், வலது கையை உயர்த்தி நிற்கிறார் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். உயரம் இரண்டு மீட்டருக்கும் சற்று அதிகம். காலருகே டால்பின் மீது குட்டி க்யூபிட். பார்வைக்கு எல்லாமே வெள்ளைப் பளிங்கு. ஆனால், 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர்கள் பார்த்த அகஸ்டஸ் இவர் அல்ல!

வண்ணம் எங்கே போனது?

1863 ஏப்ரலில், ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில், அகஸ்டஸின் மனைவி லிவியாவுடைய மாளிகையின் இடிபாடுகளில் இந்தச் சிலை கிடைத்தது. அப்போதே அதில் வண்ணத் தடயங்கள் கண்ணில்பட்டன.

ரோமானியச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுவது வழக்கமான வேலை. வெயிலும் மழையும் மண்ணும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. மிச்சத்தை அழித்தது மனிதர்களின் அக்கறை! தோண்டியெடுத்த சிலைகளை அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவியபோது, வண்ணமும் சேர்ந்து போனது. பழைய சிலைகள் வெள்ளையாகவே கிடைத்ததால், மறுமலர்ச்சிக் காலச் சிற்பிகளும் வெள்ளையாகவே செதுக்கினார்கள். 18-ம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மான், வெண்மைதான் அழகு என்ற எண்ணத்துக்கு இன்னும் வலு சேர்த்தார்.

தொடாமலே கண்டுபிடிக்கும் கேமரா

துணி மடிப்பு, காதோரம், தலைமுடிச் சுருள் போன்ற இடுக்குகளில்தான் வண்ணத் துகள்கள் தப்பிப் பிழைக்கும். அவற்றைத் தேட இன்று சிலையைச் சுரண்ட வேண்டியதில்லை. மணல், சுண்ணாம்பு, செம்பு சேர்த்துச் சூளையில் சுட்டுத் தயாரிக்கப்பட்ட 'எகிப்திய நீலம்' என்ற நிறமிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதன் மீது சாதாரண வெளிச்சம் பட்டால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். அதற்கான கேமராவில் பார்த்தால், வெறும் கண்ணுக்குப் புலப்படாத துகள்கூட வெள்ளை வெளேரென்று மின்னும்.

அகஸ்டஸ் சிலையையும் விரிவாக ஆராய்ந்து, தொல்லியலாளர் பாவ்லோ லிவெரானி தலைமையில் வண்ணம் தீட்டிய மாதிரி ஒன்று உருவாக்கப்பட்டது. சிவப்பும் நீலமும் பளீரிடும் அதைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோனார்கள். அதில் முகமும் கைகால்களும் மட்டும் வெள்ளையாகவே விடப்பட்டன. அங்கே தடயம் கிடைக்கவில்லை என்பதே காரணம். தடயம் இல்லாவிட்டால் வண்ணமே இல்லை என்று முடிவு செய்யலாமா? ஆய்வாளர்களிடையே இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கழுவிப்போன வண்ணத்தோடு பதிலும் போய்விட்டதே!

2006-ல் ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு பெண் வீராங்கனையின் பளிங்குத் தலை, அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டியது. எரிமலைச் சிதைவுகளுக்குள் புதைந்திருந்த அந்த முகத்தில், செம்பட்டை முடியும் மெல்லிய கோடுகளாக வரைந்த இமைகளும் அப்படியே இருந்தன.

அடுத்து எங்கே?

வாடிகனோடு பயணத்தை முடித்துவிட வேண்டாம். ரோமின் டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தில், லிவியா மாளிகையின் ஓர் அறையே இடம்பெயர்ந்து வந்து நிற்கிறது. நான்கு சுவர்களிலும் ஓவியத் தோட்டம். பழுத்துத் தொங்கும் மாதுளை, கிளைகளில் பறவைகள், பின்னால் நீலமும் பச்சையும். திங்கட்கிழமை விடுமுறை.

இப்படியொரு தோட்டத்தைச் சுவரில் வளர்த்த வீட்டில்தான் அந்த 'வெள்ளை' அகஸ்டஸும் கிடைத்தார். வீட்டுக்காரர்களுக்கு வண்ணம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?